காப்பாற்றித் தொலைத்தவை

கோப்புகளைத் தொலைத்தவர்கள் வழக்கமாக ஹார்டு டிஸ்க்கைத் திட்டுவார்கள். அந்த உரிமை எனக்குக் கிடையாது. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் இருந்த ஹார்டு டிஸ்க்குகளில் ஒன்றே ஒன்றுதான் தானாகச் செத்தது. அதுவும் திடுதிப்பென்று சாகவில்லை. வாரக்கணக்கில் டிக் டிக்கென்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் போனது. நான்தான் அது உள்ளே சுற்றும் ஃபேனின் சத்தம் என்று முடிவுகட்டி, பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மற்றபடி என் கதைகளும் மொழிபெயர்ப்புகளும் புகைப்படங்களும் போன வழியெல்லாம் நான் போட்டுக்கொடுத்த வழிதான். அவற்றில் பெரும்பாலானவை நான் காப்பாற்ற முனைந்தபோது போனவை. "நீங்க பேக்கப் எடுக்காம இருந்தாலே பாதி மிஞ்சியிருக்குங்க" என்று என் மனைவி சொல்வதுண்டு. பாதி என்று அவள் சொல்வது தாட்சண்யத்தால்.

முதல் கணினி 2001-இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கியது. அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நீளும் அந்தச் சந்துகளில் அன்று நடந்து போவதே ஒரு சாகசம். ஒரு தோளில் மானிட்டர் அட்டைப்பெட்டியோடு எவராவது எதிரே வந்துகொண்டே இருப்பார். மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த ஒரு தம்பி, 20 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு உபதேசமும் செய்தார்.

"சி-ல விண்டோஸ் இருக்கும் சார். அது அப்பப்ப மண்டையப் போட்டுரும். உங்க சொந்த மேட்டரெல்லாம் டி-ல போட்டு வச்சுக்கங்க. சி-ய ஃபார்மட் அடிச்சாலும் டி-க்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. விண்டோஸ் கெட்டுப்போவதற்கு அது சரியான மருந்துதான். அதை எல்லா நோய்க்கும் மருந்தாக எடுத்துக்கொண்டது நான். என் புரிதலில் சி என்பது வீடு, டி என்பது வங்கி லாக்கர். ஞாயிறுதோறும் குளித்து முடித்துவிட்டு, சி-யில் எழுதியதையெல்லாம் டி-க்கு இழுத்துப் போடுவேன். திரையில் ஒரு மஞ்சள் உறையிலிருந்து இன்னொரு மஞ்சள் உறைக்குத் தாள்கள் பறந்து போகும். அந்தத் தாள்கள் பறப்பதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பதுதான் அந்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மன அமைதி. சி, டி, இ மூன்றும் ஒரே தகட்டின் மேல் கோடு கிழித்த பாத்திகள், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மோட்டார், தகட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். நானே ஒரு பத்திரிகைக்கு 'கணினியின் உள்ளே' என்று எளிய தமிழில் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையும் டி-யில்தான் இருந்தது.

டிக் டிக் முற்றி, திரை கறுத்துப்போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

"டிஸ்க் போச்சு சார். பேக்கப் வச்சிருக்கீங்களா?"

"எல்லாம் டி-ல இருக்கு தம்பி" என்றேன், முன்யோசனைக்காரனின் தோரணையோடு.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "டி-யும் இதுக்குள்ளதான் சார் இருக்கு" என்றார். லாக்கர் இருந்தது சமையலறை பரணில். தீப்பிடித்தது சமையலறையில்.

அதற்குப் பிறகுதான் சி.டி. யுகம். அடிபட்டவன் என்பதால் முழு வைராக்கியத்தோடு இறங்கினேன். செகண்ட் ஹேண்டில் ஒரு சி.டி. ரைட்டர் வாங்கினேன். 700 எம்.பி. கொள்ளும் பிளாங்க் சி.டி.க்களை ஐம்பது ஐம்பதாகக் குச்சியில் கோத்து, டப்பாவாக விற்பார்கள். அதில் ஒரு டப்பா. இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. சி.டி.யில் லேசர் எழுதத் தொடங்கிவிட்டால் நிறுத்தாமல் எழுதவேண்டும். கணினி தகவலை ஊட்டுவதில் ஒரு கணம் பின்தங்கினாலும் அந்த சி.டி. பாழ். இதற்கு மருந்தாக 'பர்ன்-ப்ரூஃப்' என்ற நுட்பத்தை சான்யோ நிறுவனம் 2000-லேயே கொண்டுவந்துவிட்டது. என் ரைட்டர் அதற்கு முந்திய பிறவி. விலையில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தேன். அந்த மிச்சத்தைப் பிறகு பாழான சி.டி.க்களாக ரிச்சி தெருவுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

நான்கு மடங்கு வேகத்தில் ஒரு முழு சி.டி. எழுத இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் வீட்டில் ஊரடங்கு. யாரும் மவுசைத் தொடக்கூடாது. ஸ்கிரீன் சேவர் வரக்கூடாது. மிக்ஸி போட்டால் விளக்கு மங்கும் வீடு எங்களுடையது. ஆகவே சட்னி அரைக்கக்கூடாது. "உங்க சி.டி. வேகறதுக்குள்ள இட்லி ஆறிப்போச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நான் பதில் சொல்வதில்லை, அதிர்வு ஆகாது.

அந்த இருபது நிமிடங்களை நான் எப்படிச் செலவழித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எல்லோரும் வைத்திருந்த மென்பொருளின் பெயர் நீரோ. அதன் சின்னத்தில் ரோமின் கொலோசியம் தீப்பற்றி எரியும். நீரோ காலத்துத் தீ கி.பி. 64-இல்; கொலோசியத்தைக் கட்டத் தொடங்கியதே அவன் செத்துப்போன பிறகு, வெஸ்பாசியன் ஆட்சியில். ஆக, இல்லாத கட்டடம் எரிகிறது. இதைக் கண்டுபிடித்துப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே மென்பொருளில், எழுதி முடித்ததைச் சரிபார்க்கும் வசதிக்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. சரிபார்க்க இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால் அதில் டிக் போட்டதே இல்லை.

பாழான சி.டி.க்களுக்கு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டிருக்கும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். வெயிலில் பளீர் பளீரென்று சுழன்றன. காக்கைகள் முதல் சில நாள் மிரண்டன. பிறகு கயிற்றின் மேலேயே வந்து உட்கார்ந்தன. அந்த ஆண்டு நான் எழுதிய குறுநாவலின் மூன்று பிரதிகள் அங்கே தொங்கின என்பது எனக்கும் காக்கைகளுக்கும் மட்டும் தெரியும்.

நன்றாக எழுதப்பட்ட சி.டி.க்களை நான் பராமரித்த விதம் தனி. பளபளப்பான பக்கம்தான் சி.டி.யின் முகம் என்று நினைத்து, அதில் விரல் படாமல், கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்து, பவுச்சில் வைப்பேன். மறுபக்கம் வெறும் முதுகுதானே? அங்கே பால்பாயிண்ட் பேனாவால், எழுத்து மங்கிவிடக்கூடாதே என்று அழுத்தி அழுத்தித் தலைப்பு எழுதுவேன். உண்மையில் சி.டி.க்கு உயிர்நிலை அந்த முதுகில்தான். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக்கின் அடிப்பக்கத்தை லேசர் துளைத்துப் போய்ப் படிக்கிறது. தகவலைத் தாங்கும் சாயமும் அதன்மேல் உள்ள கண்ணாடிப் பூச்சும், தலைப்பு எழுதும் பக்கத்தில், ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கின்றன. கீழ்ப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேல்பக்கம் கீறினால் தகவலையே கீறியதாக அர்த்தம். டி.வி.டி.யில் இந்தப் பூச்சை இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே வைத்து ஒட்டிவிட்டார்கள். அது என் கைக்கு வந்தது நான் சி.டி.க்களில் 'முக்கியம்' என்று கொட்டை எழுத்தில் பொறித்து முடித்த பிறகு. முக்கியமில்லாத சி.டி.க்களில் நான் ஒன்றுமே எழுதவில்லை. அவை இன்றும் நன்றாக ஓடுகின்றன. அவற்றில் இருப்பது பிரிண்டருக்கான டிரைவர்கள்.

நான் ஏன் ஒருமுறைகூட எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்க்கவில்லை? சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இருபது நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் சோம்பேறி அல்ல. எனக்கு வேண்டியிருந்தது கோப்பு அல்ல, கோப்பு பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணம். திறந்து பார்த்தால் அந்த எண்ணத்துக்கு ஆபத்து. எடுத்து வைத்த அன்று கிடைக்கும் நிம்மதி, சோதித்துப் பார்க்கும் அன்று போய்விடக்கூடும். ஆகவே எடுத்து வைப்பதை ஒரு விரதமாகச் செய்தேன். சோதிப்பதை எதிரிக்கும் நினைக்கவில்லை.

இதில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு என்பது கொஞ்சம் ஆறுதல். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் தட்டிய ஒரே ஒரு அழிப்புக் கட்டளையில் படம் மளமளவென்று காணாமல் போகத் தொடங்கியது. நாயகப் பொம்மை வுடியின் தொப்பி போயிற்று, காலணி போயிற்று, கடைசியில் வுடியே போய்விட்டான். சரி, டேப்பில் பேக்கப் இருக்கிறதே என்று போனால், அது ஏறக்குறைய ஒரு மாதமாகவே ஒழுங்காக வேலை செய்யவில்லை. யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை! பிள்ளை பெற்று வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. போர்வைகளைச் சுற்றி, காரின் பின்சீட்டில் அந்தக் கணினியைப் பச்சிளம் குழந்தையாகக் கிடத்திக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்தக் கதையை எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்தது. அப்படி மீட்ட படத்தின் கதை திருப்தியில்லை என்று, பெரும்பகுதியைப் புதிதாகச் செய்துதான் 1999-இல் வெளியிட்டார்கள். என் குறுநாவலை நினைக்கும்போதெல்லாம் இதையும் நினைத்துக்கொள்வேன். காக்கைகளுக்கு இலக்கிய ரசனை இருந்திருக்கலாம்.

2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் தகவல்தளத்தைத் தானே அழித்துக்கொண்டது. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக இயங்கவில்லை என்று அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. அந்த அறிக்கையைப் படித்தபோது, தூரத்து உறவினர் வீட்டு வழக்கைப் படிப்பவன்போல ஆற அமர ரசித்துப் படித்தேன்.

இனி வருவது, இந்த விஷயத்தில் என் தலைசிறந்த சாதனை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதிப்பாளர், என் பழைய மொழிபெயர்ப்புகளைத் தொகுக்கலாம் என்றார். சி.டி.யை எடுத்தேன். ஓடியது. கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். ஒருங்குறி புழக்கத்துக்கு வருமுன் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு இது புரியும். ஆங்கில எழுத்துகள் உட்கார வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் அவை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொரு டி.டி.பி. கடைக்கும் ஒவ்வொன்று. புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்களின் இதழ்கள் பாமினியில் கேட்பார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்து எழுத்துருவைக் கழற்றிவிட்டால், ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்று இரண்டு தரங்களை அரசு அறிவித்தது. என்னைப் போன்றவர்கள் அதற்குப் பிறகும் கைக்கு வந்ததில்தான் அடித்துக்கொண்டிருந்தோம். 2010-இல் ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக ஏற்றபோது பழைய குட்டையில் நெடுநாள் ஊறியிருந்தோம்.

கோப்புகளையெல்லாம் கண்ணும் கருத்துமாகப் பிரதி எடுத்த நான், எழுத்துருக்களை எடுக்கவில்லை. அவை சி-யில், விண்டோஸ் என்ற உறைக்குள், ஃபான்ட்ஸ் என்ற உள்ளறையில் இருந்தன. சி-யில் சொந்த மேட்டர் எதுவும் கிடையாது என்பது எனக்கு வேதவாக்கு. ஒரு ஃப்ளாப்பியில் பத்துப் பதினைந்து எழுத்துருக்களை அடக்கியிருக்கலாம். எழுதியதையெல்லாம் பத்திரப்படுத்திவிட்டு எழுத்தை விட்டுவிட்டேன்.

பாமினிக் கோப்புகள் பிழைத்தன. மாற்றித்தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைத்தன. ஒற்றுகள் அங்கங்கே இடம் மாறி வந்ததைக் கையால் திருத்திக்கொண்டேன். ஆனால் முக்கால்வாசிக் கோப்புகள் ஒரு டி.டி.பி. கடைக்காக அடித்தவை, அங்கே புழங்கிய எழுத்துரு விலைகொடுத்து வாங்கியது. கணினியின் பின்பக்கம், பிரிண்டர் கேபிளைச் செருகும் துளையில், டாங்கிள் என்று ஒரு சின்னப் பூட்டைச் செருகினால்தான் அது வேலை செய்யும். அந்தக் கடை ஜெராக்ஸ் கடையாகி, பிறகு பிரியாணிக் கடையாகிவிட்டது. கடைக்காரரைத் தேடிப் பிடித்தேன். மகராசன், டாங்கிளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார். வாங்கிக்கொண்டு வந்து என் கணினியைத் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு துளை வைத்துக் கணினி செய்வதை உலகம் எப்போதோ விட்டிருந்தது. தொகுப்பு வரவில்லை. பதிப்பாளர் இதைக் கேட்டுச் சற்று நிம்மதியடைந்த மாதிரி எனக்குப் பட்டது. அது என் கற்பனையாக இருக்கலாம்.

பென்டிரைவ் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சொல்லும்படி இல்லை என்பதால். அந்நாளில் பிரவுசிங் சென்டரில் ஒருமுறை செருகினால் போதும், உறைகளின் சின்னத்தையே முகமூடியாகப் போட்டுக்கொண்டு வைரஸ் உள்ளே வந்துவிடும். நிஜமான உறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் தான் உட்கார்ந்துகொள்ளும். நான் அந்தப் போலிகளை ஒன்றுவிடாமல் டி.வி.டி.யில் எழுதி வைத்தேன். பிற்பாடு ஆன்டி-வைரஸ் கண்டுபிடித்து அலறியது, அழிக்கவா என்று கேட்டது, அழி என்றேன், முடியவில்லை என்றது. ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத தட்டு அது. என் எழுத்து வாழ்க்கையில் அழிவில்லாமல் நான் பாதுகாத்தது அந்த வைரஸ் ஒன்றைத்தான்.

வெளியே செருகும் ஹார்டு டிஸ்க்குகள் விலை குறைந்து கைக்கெட்டியபோது, இனிமேல் இடப்பஞ்சம் இல்லை என்று மகிழ்ந்தேன். அதுதான் வினையாயிற்று. இடம் குறைவாக இருந்தவரை எதை வைப்பது, எதை விடுவது என்று கொஞ்சமாவது யோசித்திருக்கிறேன். 500 ஜி.பி. வந்ததும் யோசனையை விட்டேன். பழைய கணினியை முழுசாக அள்ளிப் 'பேக்கப்' என்ற உறையில் போட்டேன். புதுக் கணினி வந்ததும் அந்த 'பேக்கப்'பை அதில் இறக்கினேன். பிறகு அந்தக் கணினியை முழுசாக அள்ளி, 1 டி.பி. டிஸ்க்கில் ஒரு 'பேக்கப்'. அதற்குள்ளே முந்தைய 'பேக்கப்', அதற்குள்ளே 'பேக்கப் பழையது'. இப்படியே போய் ஒருநாள் விண்டோஸ் கையை விரித்தது. கோப்பின் முகவரி நீளமாகிவிட்டதாம். உறைக்குள் உறையாகப் போகும் பாதையின் பெயர் மொத்தம் 260 எழுத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விண்டோஸின் பழைய கட்டுப்பாடு. அந்த எல்லையை ஒருவன் பேக்கப் எடுத்தே தொடுவான் என்று அதை வகுத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அடியாழத்தில் கிடந்த அந்தக் கோப்பைத் திறக்கவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. என் தங்கை கல்யாணப் படங்கள் அந்த டிஸ்க்கில் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்பது அவள் மாமியாருக்குக்கூடத் தெரியாது. நான் எழுதிக்கொண்டிருந்த நாவலின் திருத்திய வடிவம் மட்டும் ஓரிடத்தில்தான் இருந்தது. அதன்மேல் பழைய வடிவத்தை இழுத்துப் போட்டு, 'எல்லாவற்றையும் மாற்றவா?' என்று கணினி கேட்டதற்கு 'எல்லாவற்றையும்' என்று பதில் சொன்னவன் நான். அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ஆமாம் சொல்லாதவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு விதி இருக்கிறது: மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைச் சாதனத்தில் இருக்கவேண்டும், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்கவேண்டும். அதைப் படித்த வேகத்தில் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். தீ, திருட்டு, வெள்ளம் எதற்கும் அசையாத வேறு இடம் எது? தங்கை வீடு. ஒரு டிஸ்க்கைப் பூப்போட்ட துணியில் சுற்றி, தாம்பரத்தைத் தாண்டிப் போய் முடிச்சூரில் கொடுத்துவிட்டு வந்தேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சென்னைப் புறநகரில் கடுமையாக மூழ்கிய பகுதிகளில் முடிச்சூரும் ஒன்று. எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பாதுகாப்புக்காக நான் தேர்ந்தெடுத்த இடத்தில் படகு விட்டார்கள்.

தங்கை குடும்பம் மாடி வீட்டில் பத்திரமாக இருந்தது. சில வாரம் கழித்து, வெட்கத்தை விட்டு, அந்த டிஸ்க்கைப் பற்றி விசாரித்தேன். "அதுக்கு ஒண்ணும் ஆகலண்ணா, கொலுப்பெட்டியோட பரண்ல இருந்துச்சு" என்றாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை போனை வாங்கினார்.

"மச்சான், உங்க டிஸ்க் ரொம்ப உபயோகமா இருந்துச்சு. கரண்ட் வந்ததும் பசங்களுக்குப் பொழுது போகலன்னு கொஞ்சம் படம் ஏத்திக்கிட்டேன். இடம் பத்தல. உள்ள ஏதோ ஆங்கில எழுத்தா, ஒண்ணும் புரியாத ஃபைலு நிறைய இருந்துச்சு. கரப்ட் ஆயிருச்சு போலன்னு தூக்கிட்டேன். இளையராஜா ஃபோல்டரை மட்டும் தொடல மச்சான், அது அப்படியே இருக்கு."

அவரை என்ன சொல்வது? நானே திறந்தபோது எனக்கும் அது புரியாத ஃபைலாகத்தானே தெரிந்தது. வரும்போது எடுத்துவாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏற்றிவைத்த படங்களில் இரண்டு நன்றாகவே இருந்தன.

இப்போது எல்லோரும் கிளவுடில் போடு என்கிறார்கள். போட்டிருக்கிறேன். கடவுச்சொல்லைப் பத்திரமாக ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பையும் அங்கேயே போட்டிருக்கிறேன். இதைப் பற்றி மேலே எதுவும் சொல்வதற்கில்லை.

போன மாதம், பெட்டிகளில் கிடக்கும் தட்டுகளை ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிடுவது என்று உட்கார்ந்தோம். மடிக்கணினிகளில் இப்போது தட்டுச் செருக இடமே இல்லாததால் யு.எஸ்.பி.யில் மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கவேண்டியிருந்தது. துணைக்குத் தங்கை மகன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். என்னை ஒரு தொல்பொருளாக மதிக்கிறான். சில தட்டுகள் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய் நின்றன. சிலவற்றில் பாதிதான் வந்தது. ஒன்றில் மேல்பூச்சு செதிலாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. பிறகு ஒன்றைப் போட்டான்.

"மாமா, இது சூப்பரா ரீட் ஆகுது! ஒரு எரர் இல்ல."

எட்டிப் பார்த்தேன். நான் எழுதிய கதைகள் எல்லாம் தலைப்பு வாரியாக, சுத்தமாக வரிசையில் நின்றன. தொண்டை அடைத்தது.

"ஆனா எல்லாமே ஒரு கே.பி.தான் மாமா. ஷார்ட்கட்டு."

திரையில் நான் வைத்திருந்த குறுக்குவழிச் சின்னங்களைத்தான் அள்ளி எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றின் மூலையிலும் அந்தக் குட்டி அம்புக்குறி. கதைகள் இருக்கும் இடத்தை எல்லாம் மிகச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தன. அந்த இடத்தைத்தான் காணோம்.

"தூக்கிப் போட்டுரவா மாமா?"

"சேச்சே. தலைப்பாவது இருக்கட்டும். புது டிஸ்க்குல காப்பி பண்ணிரு. அதுல 'கடைசி'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாரு, அதுக்குள்ள போடு."

அவன் தேடினான். "மாமா, 'கடைசி'ன்னு நாலு இருக்கு. 'கடைசி புதியது'ன்னு வேற ஒண்ணு இருக்கு. எதுல போட?"